காந்த அறைக்குப் போகுமுன்

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவரின் தோளிலோ முதுகிலோ ஷெல் துண்டு ஒன்று கிடக்கிறது என்றால் யாரும் வியப்பதில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளில் நடந்த படை நடவடிக்கைகளின்போது ஊர்காவற்துறை, வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். குடாநாட்டில் தஞ்சமடைந்தவர்களில் ஒரு பகுதியினர் 1995 ஒக்ரோபரில் மறுபடியும் மூட்டை கட்டி வன்னிக்குப் போனார்கள். அவர்களில் சிலர் 2009 மே மாதம்வரை அங்கேயே அகப்பட்டிருந்தார்கள். எடுக்கப் போனால் கூடுதல் சேதம் வரும் என்ற இடங்களில் தங்கிவிட்ட துண்டுகளை வைத்தியர்கள் அப்படியே விட்டார்கள். அது சரியான முடிவுதான். காலம் போகப் போகக் காயம் ஆறும், தழும்பு மங்கும், சுமப்பவரே மறந்துபோவார். அதே ஆளுக்கு அறுபது வயதில் வலிப்பு வந்து, மூளையில் கட்டியாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதிக் கொடுக்கப்படும்போது, மறந்துபோன அந்த இரும்பைப் பற்றி யாராவது கேட்டாக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. என்பது அடிப்படையில் ஒரு பெரிய காந்தம். வழமையாகப் பாவிக்கப்படும் 1.5 ரெஸ்லா இயந்திரத்தின் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைப் போல் 30,000 மடங்கு வரும். 3 ரெஸ்லா இயந்திரம் அதன் இரட்டிப்பு. உள்ளே மறை 269 பாகை செல்சியஸ் குளிரில், திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஸ்கான் எடுக்காத நேரத்திலும் காந்தம் வேலை செய்யும். ஆஸ்பத்திரியில் மின்சாரம் போனாலும் அது அணையாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வாங்கிக்கொள்ளாததால் உலகின் பல இடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன.

எம்.ஆர்.ஐ. துணையோடு செய்யும் மூளைச் சத்திரசிகிச்சை பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் பொதுவாக ஆம் என்றே பதில் சொல்கிறது. அந்த ஆம், பல நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. நோயாளியின் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முந்திய சிகிச்சைகளின் பதிவு கையில் இருக்க வேண்டும். அறைக்குள் யார், எதைக் கொண்டு போகிறார் என்று பார்க்க ஒருவர் வேண்டும். நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ வரும் ஒருவருக்கு இந்த நிபந்தனைகளில் பாதி, அவர் யாழ்ப்பாணம் போய்ச் சேருவதற்கு முன்பே நிறைவேறுகின்றன அல்லது தவறிப்போகின்றன. இயந்திரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

முதலில் அந்தச் சத்திரசிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். மூளை மண்டையோட்டுக்குள் மறைந்து கிடக்கும் உறுப்பு. வெட்டுவதற்கு முன் இலக்கு எங்கே என்று தெரிய வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950இல் பி. ராமமூர்த்தி நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கியபோது சி.ரி. ஸ்கானும் இல்லை, எம்.ஆர்.ஐ.யும் இல்லை. அடுத்த பத்தாண்டில் வி. பாலசுப்பிரமணியம், ரி.எஸ். கனகா முதலியோருடன் சேர்ந்து, பார்க்கின்சன் நடுக்கம் போன்ற நோய்களுக்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் இலக்கை நோக்கி மெல்லிய ஊசிக்கருவியைச் செலுத்தும் முறையை அங்கே வளர்த்தார்கள். எக்ஸ்ரே படத்தில் மூளை தெரியாது. மூளையின் உள்ளறைகளுக்குள் காற்றையோ நிறமூட்டும் திரவத்தையோ செலுத்தி, அந்த அறைகளின் ஓரங்களைப் படத்தில் பார்த்து, அங்கிருந்து இத்தனை மில்லிமீற்றர் என்று கணக்குப் போட்டு இலக்கைக் கண்டார்கள். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களில் ஒருவராகிய கனகா 2018இல் காலமாகும்வரை அந்த நாட்களின் அனுபவத்தைச் சுமந்திருந்தார். கணக்கும் பொறுமையும் மட்டும் துணையாக இருந்த காலம் அது.

எம்.ஆர்.ஐ. வந்தபின் மூளையின் மென்மையான திசுவே படத்தில் தெரியத் தொடங்கியது. இன்று பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான்: சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினியில் ஏற்றுகிறார்கள். நோயாளியின் தலையை அசையாமல் பிடித்து, அகச்சிவப்புக் கமரா ஒன்றின் உதவியோடு தலையையும் படத்தையும் பொருத்துகிறார்கள். அதன்பின் வைத்தியர் கையிலுள்ள கருவியின் நுனி மூளையில் எங்கே நிற்கிறது என்பது திரையில் தெரியும். இதை நவிகேஷன் என்கிறார்கள். பொருத்துவதில் ஒரு சிறு பிழை வந்தாலும் திரை காட்டும் இடம் ஒன்றாகவும் கருவி நிற்கும் இடம் வேறாகவும் ஆகிவிடும். திரை அதைச் சொல்லாது. தெரிந்த ஓர் அடையாளத்தில், மூக்கின் மேற்பகுதியிலோ காதின் விளிம்பிலோ, கருவியை வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால்தான் பிழை பிடிபடும்.

இன்னொரு பிழை யாருடைய கவனக்குறைவாலும் வருவதில்லை. மண்டையோட்டைத் திறந்து, சுற்றியிருக்கும் நீர் வடிந்தவுடன் மூளை தன் பாரத்தில் கீழே அமிழ்கிறது. 1998இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மேற்பரப்பு சராசரியாக ஒரு சென்ரிமீற்றர் நகர்கிறது என்று அளந்து காட்டியது. பேச்சையும் கை அசைவையும் ஆளும் பகுதிகள் மில்லிமீற்றர் கணக்கில் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் ஒரு சென்ரிமீற்றர் பெரிய தூரம். காலையில் எடுத்த படம் மத்தியானத்து மூளைக்குப் பொருந்தாது. இதற்கு விடையாகத்தான் காந்தத்தையே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1994இல் பொஸ்ரன் நகரின் பிரிகம் வைத்தியசாலையில், இரண்டு காந்த வளையங்களுக்கு நடுவே வைத்தியர் நின்று வேலை செய்யும்படி 0.5 ரெஸ்லா இயந்திரம் ஒன்று நிறுவப்பட்டது. நம்மவர் பலர் குடியேறியிருக்கும் கனடாவில், கல்கரி நகரத்தில் வேறு வழி கண்டார்கள். நோயாளியை அசைக்காமல், 1.5 ரெஸ்லா காந்தத்தைக் கூரையில் பொருத்திய தண்டவாளத்தில் ஓடவைத்து அவரிடம் கொண்டுவந்தார்கள்.

இந்தப் பெரும் செலவுக்குப் பயன் உண்டா? ஜெர்மனியின் பிராங்பேர்ட் பல்கலைக்கழக வைத்தியசாலையில் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2011இல் லான்செற் ஒன்கொலஜி இதழில் வந்தது. கூடத்துக்குள் எம்.ஆர்.ஐ. துணையோடு சத்திரசிகிச்சை செய்யப்பட்ட 24 பேரில் 23 பேருக்கு, படத்தில் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டிருந்தது. வழமையான முறையில் 25 பேரில் 17 பேருக்கு மட்டுமே அது முடிந்தது. புதிதாகக் கை கால் பலவீனமோ பேச்சுக் குறையோ வந்தவர்கள் முதல் குழுவில் மூவர், இரண்டாவதில் இருவர். வேறுபாடு என்று சொல்ல அது போதாது. கூடுதலாக வெட்டியதால் கூடுதலாகக் கெடவில்லை என்று இதைப் படிக்கலாம். ஆனால் 49 பேரைக் கொண்டு பாதுகாப்பைப் பற்றி இறுதித் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த வசதியைப் பற்றி விளம்பரம் செய்பவர்கள் முதல் இரண்டு எண்களைச் சொல்வார்கள். அடுத்த இரண்டையும் சேர்த்துக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

இனி விபத்துகள். அவற்றில் எதிலும் சத்திரசிகிச்சை வைத்தியரின் கை தவறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2001 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்தின் வெஸ்ற்செஸ்டர் மருத்துவ நிலையத்தில், மூளைக் கட்டிச் சத்திரசிகிச்சை முடிந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்க வைத்திருந்தார்கள். ஒட்சிசன் தேவைப்பட்டது. யாரோ உருக்கு சிலிண்டர் ஒன்றை அறைக்குள் கொண்டுவந்தார்கள். காந்தம் அதை இழுத்தது. சிலிண்டர் பிள்ளையின் தலையில் அடித்தது. சத்திரசிகிச்சையைத் தாண்டி வந்த பிள்ளை, அதற்குப் பிந்திய ஸ்கானில் உயிரிழந்தான். பதினாறரை ஆண்டுகள் கழித்து, 2018 ஜனவரியில், மும்பை நாயர் மருத்துவமனையில் கிட்டத்தட்ட அதே சம்பவம். இந்த முறை இறந்தவர் நோயாளி அல்லர், கூட வந்த உறவினர். இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஊழியர் சொன்னதை நம்பி, ஒட்சிசன் சிலிண்டரைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார் என்று குடும்பத்தினர் கூறினார்கள். அதற்கு முன், 2014 நவம்பரில், நவி மும்பையில் டாட்டா நினைவு மையத்தின் ஆய்வு நிலையத்தில் சிலிண்டருக்கும் காந்தத்துக்கும் இடையில் இரண்டு ஊழியர்கள் மணிக்கணக்காகச் சிக்கிக் கிடந்தார்கள். அவசரத்தில் காந்தத்தைச் செயலிழக்கச் செய்யும் பொறி அன்று வேலை செய்யவில்லை.

மும்பைச் சம்பவத்தை யாழ்ப்பாணத்து ஆட்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். நமது ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வருபவர்தான் தள்ளுவண்டி தள்ளுவார், பையைத் தூக்குவார், சேலைன் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தீவிலிருந்து வருகிறவர் என்றால் இரண்டு மூன்று நாளைக்கு வேண்டிய சாமானோடு வந்திருப்பார். அவரை யாரும் பரிசோதிப்பதில்லை. எம்.ஆர்.ஐ. அறை வாசலில், நோயாளிக்குச் செய்யும் அதே சோதனையைக் கூட வருபவருக்கும் செய்யாத ஆஸ்பத்திரியில் விபத்து நடக்கக் காத்திருக்கிறது.

உடம்புக்குள் இருக்கும் உலோகத்தின் கதை இன்னும் நுட்பமானது. மூளை இரத்தக் குழாய் வீக்கத்தை அடைக்கப் போடும் சிறு கிளிப் ஒன்று, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு மூதாட்டியின் உயிரை எடுத்தது. கிளிப் காந்தத்தால் இழுபடாத வகை என்று பதிவு சொன்னது. உண்மையில் இழுபடும் வகைதான் போடப்பட்டிருந்தது. காந்தத்துக்கு அருகே போனதும் அது திரும்பி, குழாயைக் கிழித்தது. அன்று தவறியது ஒரு துண்டுக் காகிதம். 1986இல் பதிவான மற்றொரு நிகழ்வில், தகட்டு வேலை செய்து பழகிய ஒருவரின் கண்ணுக்குள் அவருக்கே தெரியாமல் இருந்த இரும்புத் துகள் ஸ்கானின்போது அசைந்து பார்வையைப் பறித்தது. அதன்பின்தான், உலோக வேலை செய்தவர்களுக்குக் கண் பகுதியை முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் வழக்கம் வலுப்பட்டது. படகுப் பட்டறையிலும் ஒட்டுவேலைக் கடையிலும் வாழ்நாள் முழுக்கத் தீப்பொறிக்கு நடுவே நின்ற ஆட்களுக்குத் தீவகத்தில் குறைவில்லை.

ஷெல் துண்டுகள் பெரும்பாலும் உருக்கு. காந்தம் அவற்றை இழுக்கும். துப்பாக்கி ரவையைப் பற்றி மேலைநாட்டு மருத்துவ நூல்களில் ஆறுதலான ஒரு குறிப்பு வரும்: ரவை ஈயமும் செம்பும்தானே, காந்தத்துக்கு அசையாது என்று. அதை இங்கே அப்படியே நம்பக் கூடாது. இந்தப் போரில் பரவலாகப் பாவிக்கப்பட்ட கலாஷ்னிகோவ் வகைத் துப்பாக்கிகளின் 7.62 மில்லிமீற்றர் ரவைகளில் பலவற்றுக்கு உட்கரு உருக்கினால் ஆனது. வேறு நாட்டு நோயாளிகளை வைத்து எழுதிய வழிகாட்டி, இறுதிப் போர் நடந்த முள்ளிவாய்க்கால்வரை போய் வந்த ஒருவருக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டிய இடம் இது.

இதைப் படித்துவிட்டு, உடம்பில் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. என்றால் பயந்து ஓட வேண்டியதில்லை. தசைக்குள் பல ஆண்டுகளாகத் தழும்புத் திசுவால் இறுகப் பற்றப்பட்டிருக்கும் சிறு துண்டு பெரும்பாலும் அசைவதில்லை. கண்ணுக்குள், மூளைக்குள், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக் குழாய்க்கு அருகில் இருப்பவைதான் ஆபத்தானவை. எக்ஸ்ரே அல்லது சி.ரி. எடுத்து, துண்டின் இடமும் அளவும் பார்த்து, கதிரியல் வைத்திய நிபுணர் ஆளுக்கு ஆள் முடிவெடுப்பார். ஸ்கான் எடுக்கலாம் என்று முடிவானாலும் இன்னொரு சிக்கல் மிஞ்சும். தலையிலோ கழுத்திலோ கிடக்கும் உருக்குத் துண்டு எம்.ஆர்.ஐ. படத்தில் தன்னைச் சுற்றி ஒரு கறுப்பு ஓட்டையை உண்டாக்கும், பக்கத்துத் திசுவின் வடிவத்தையும் கோணலாக்கிக் காட்டும். அப்படிப்பட்ட படத்தை நவிகேஷன் கணினியில் ஏற்றி மில்லிமீற்றர் கணக்கில் வெட்ட முடியாது. அந்த நோயாளிக்கு சி.ரி. படத்தைக் கொண்டு வேறு திட்டம் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆதாரம், துண்டு இருக்கிறது என்ற தகவல் நேரத்தோடு வந்து சேர்வது.

அங்கேதான் யாழ்ப்பாணத்துக்கே உரிய தடை ஒன்று நிற்கிறது. போர்க்காலத்திலும் அதற்குப் பின்னரும் உடம்பில் தழும்பு இருப்பது சந்தேகத்துக்கு இடமாகியிருந்தது. பிரித்தானியக் குடிவரவுத் தீர்ப்பாயம் 2007இல் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், திருப்பி அனுப்பப்படுபவருக்கு ஆபத்தைக் கூட்டக்கூடிய காரணிகளில் ஒன்றாகத் தழும்பையும் கணக்கில் எடுத்தது. சோதனைச் சாவடியில் சட்டையைக் கழற்றச் சொல்லி நின்ற அனுபவம் உள்ளவரிடம், அதிகாரப் படிவம் ஒன்றை நீட்டி, உலோகத் துண்டு ஏதும் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். பொய் சொல்லும் நோக்கத்தால் வரும் பதில் அல்ல அது, பல ஆண்டுகள் உயிரைக் காத்த பழக்கம். ஆகவே இந்தக் கேள்வியைத் தெரிந்த ஒருவர், தனி இடத்தில், ஏன் கேட்கிறோம் என்று விளக்கிக் கேட்க வேண்டும். பதில் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகாது என்ற உறுதியும் வேண்டும். ஸ்கான் அறை வாசலில், வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அவசரமாகக் கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் வராது. முதற்கட்டமாக இது நெடுந்தீவு, நயினாதீவு பிரதேச வைத்தியசாலைகளிலும் ஊர்காவற்துறை ஆதார வைத்தியசாலையிலும் நடக்க வேண்டிய வேலை. அங்கிருக்கும் தாதியருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அந்த வீட்டுக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

மாகாண நிர்வாகத்தின் கீழ் இயங்கும் அந்தச் சிறிய வைத்தியசாலைகளுக்கும், மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் யாழ் போதனா வைத்தியசாலைக்கும் நடுவே தகவலைச் சுமந்து போவது பெரும்பாலும் நோயாளியின் கிளினிக் கொப்பிதான். குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வரும் படகில் அது நனைகிறது. வீட்டில் கறையான் தின்கிறது. இடப்பெயர்வில் தொலைந்தவை எத்தனையோ. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில், என்ன கிளிப், எந்த நிறுவனம் செய்தது, எந்த ஆண்டு போட்டது என்ற விவரம் இல்லாவிட்டால், இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்த நோயாளியை எந்தத் தொழில்நுட்பவியலாளரும் துணிந்து காந்தத்துக்குள் அனுப்ப முடியாது. வேலூரிலும் சென்னையிலும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வருபவர்கள் அங்கிருந்து கொண்டுவரும் கோப்புக்கு இங்கே பிரதி எடுத்து வைக்கும் ஒழுங்கும் வேண்டும்.

கடலும் ஒரு பங்கு வகிக்கிறது. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குக் குமுதினிப் படகிலோ வடதாரகைப் படகிலோ வர ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். நயினாதீவு என்றால் கால் மணித்தியாலம். இரவில் ஆபத்தான நோயாளியைக் கடற்படைப் படகில் ஏற்றுவார்கள். இறங்குதுறையிலிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ் நகருக்கு இன்னும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 2018 ஜூலையில் 1990 இலக்க அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு விரிவுபடுத்தப்பட்டபின் தரைப்பாதை சற்று இலகுவானது. கச்சான் காற்று அடிக்கும் நாளில் கடல் பழையபடிதான். தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்து தலையில் அடிபட்டு, உள்ளே இரத்தம் கட்டியவருக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை. விரைவான சி.ரி. ஸ்கானும், கத்தி பிடிக்கத் தெரிந்த கையும் போதும். 1981இல் அமெரிக்காவில் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், மூளையின் மேல் இரத்தம் கட்டியவர்களுக்கு நான்கு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்தால் இறப்பு 30 சதவீதம், பிந்தினால் 90 சதவீதம் என்று இருந்தது. பிற்கால ஆய்வுகள் இத்தனை கூரான எல்லையைக் காட்டவில்லை. ஆனால் தாமதம் தீங்கு என்பதில் ஐயமில்லை. நான்கு மணித்தியாலத்தில் எத்தனை பங்கைக் கடலுக்குக் கொடுக்கிறோம் என்ற கணக்கை நெடுந்தீவார் மனப்பாடமாகச் சொல்வார்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டி வந்தால் கணக்கு வேறு.

எனவே, முன்னுரிமை பற்றி ஒரு வார்த்தை. பாரிஸ், ரொறொன்ரோ, சூரிச் நகரங்களில் இருக்கும் தீவக மக்கள் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அள்ளிக் கொடுக்கிறவர்கள். பெரிய மருத்துவ இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவர்களிடம் உண்டு, அந்த ஆசை மதிக்கத்தக்கது. ஆயினும் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வசதி குறைந்த 16 நாடுகளின் வைத்தியசாலை உபகரணங்களைக் கணக்கெடுத்து, ஏறத்தாழ 40 சதவீதம் செயலற்றுக் கிடப்பதைக் கண்டது. எம்.ஆர்.ஐ.க்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஹீலியத்தைக் குளிராக வைத்திருக்கும் கருவிக்கு இரவு பகல் மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. குளிர் போய் ஹீலியம் ஆவியானால், அதை மீண்டும் நிரப்புவதற்கு ஆகும் செலவு பெரிய தொகை. இயந்திரத்தோடு பத்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், காந்தத்துக்கு ஒத்த மயக்கமருந்து இயந்திரம், உருக்குக்குப் பதில் அலுமினிய ஒட்சிசன் சிலிண்டர்கள், பயிற்சி பெற்ற ஆட்கள் இத்தனையும் சேராத நன்கொடை, நல்ல மனத்தோடு தொடங்கி ஆபத்தில் முடியும். ஒட்சிசன் சிலிண்டரை மாற்றுவதற்கு ஆகும் பணம் இயந்திரத்தின் விலையில் மிகச் சிறிய பங்கு. நியூயோர்க்கிலும் மும்பையிலும் அந்தச் சிறிய பங்கு இல்லாததால்தான் இறந்தார்கள்.

மலிவான பாதுகாப்புக்கு இன்னொரு சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புத் தாளை புதுடில்லி, மணிலா, லண்டன், தன்சானியாவின் இபாகாரா உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் பரிசோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளி யார், எந்தப் பக்கம் வெட்டப் போகிறோம், கருவிகள் எண்ணப்பட்டனவா என்று உரக்கக் கேட்டுச் சரிபார்ப்பதுதான் அந்தத் தாள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதத்துக்கு இறங்கியது. எந்தப் பக்கம் என்று கேட்பது பணக்கார நாடுகளுக்கும் தேவை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வைத்தியசாலையில் 2007ஆம் ஆண்டில் மட்டும் மூன்று தடவை மூளைச் சத்திரசிகிச்சை பிழையான பக்கத்தில் தொடங்கியது. அங்கே ஸ்கான் இயந்திரங்களுக்குக் குறைவிருக்கவில்லை. அப்படிக் கேட்டுச் சரிபார்ப்பதைத் தமிழில் செய்ய யாழ்ப்பாணத்தில் முன்னுதாரணம் உண்டு. மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, சத்திரசிகிச்சை நூலையும் தமிழாக்கி அச்சிட்டார். அந்த ஊரில் எம்.ஆர்.ஐ. பாதுகாப்புப் படிவம் ஒன்றை, நெடுந்தீவுக் கடற்றொழிலாளி படித்து விளங்கும் தமிழில் ஆக்குவது சாத்தியமற்ற காரியமல்ல.

சிறிய எம்.ஆர்.ஐ. இயந்திரங்களும் வந்திருக்கின்றன. 2020இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஒன்று 0.064 ரெஸ்லா வலு மட்டுமே கொண்டது. சில்லுகளில் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரிலுள்ள சாதாரண மின்செருகியில் பொருத்தலாம். அதன் படத்தை நம்பி மூளைக் கட்டியை வெட்ட முடியாது. மூளையில் நீர் சேர்ந்திருக்கிறதா, பெரிய இரத்தப்போக்கு உண்டா என்று பார்க்கலாம். என்றாவது ஒரு நாள் ஊர்காவற்துறைக்கு அப்படி ஒன்று வரக்கூடும். அதற்கும் உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

அதற்காகக் காத்திராமல் வடமாகாண சுகாதாரத் திணைக்களம் இந்த ஆண்டே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்கள் தொகை சில ஆயிரங்கள்தான். கிளினிக் நாட்களில் போர்க்காயம் பற்றியும் உலோக வேலை பற்றியும் தனியாகக் கேட்டு, தேவைப்படுபவர்களை ஒரு முறை எக்ஸ்ரேக்கு அனுப்பி, கையடக்கமான ஓர் அட்டை கொடுக்கலாம். துண்டு எங்கே, எத்தனை மில்லிமீற்றர், எக்ஸ்ரே எடுத்த திகதி, உடம்பில் கிளிப்போ பேஸ்மேக்கரோ இருந்தால் அதன் வகை, இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். பெயர்ப்பட்டியல் எந்த அலுவலகத்துக்கும் போகக்கூடாது, அட்டை நோயாளியின் கையிலேயே இருக்கட்டும். தண்ணீர் படாத பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும், ஏனென்றால் கொழும்பில் காந்த அறைக் கதவருகே அதை வாங்கிப் பார்க்கும் ஊழியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.